பாலத்து அரக்கனிடம் என்ன பேசினேன்

இன்று சின்னாளப்பட்டி டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். வாள்வீரன் வீடியோ கேமில் வரப்போகிற புதுப் பாகத்தைப் பற்றித்தான் பேச்சு.

"கம்பெனிக்காரன் இம்புட்டுச் செலவு பண்றான், நல்லாத்தாம்ல இருக்கும்" என்றார் ஒருவர்.

"போடா மாப்ள. டிரைலர்ல மட்டும்தான் ஷோக்கு. போன பாகத்துக்கும் இதையேதான் சொன்னே" என்றார் கண்ணாடி போட்டவர்.

எனக்கும் ஒரு கவலை இருந்தது. கேட்கலாமா என்று மூன்று ஸ்டாப் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"தம்பி, புதுசுல சண்டை போடாம, பேசியே முடிக்க வழி இருக்குமா?"

இருவரும் திரும்பினார்கள். "நீங்க கேம் ஆடுவீங்களாய்யா?"

போன பாகத்தை இரண்டு முறை முடித்தேன் என்றேன். வாளை உறையிலிருந்து எடுத்ததே இல்லை. எனக்குச் சண்டை வராது, கேமில்கூட. யாரிடம் என்ன பேசினேன் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆடுவேன்.

"அப்ப பாலத்துல நிக்கிற அரக்கன்?"

"பேசினேன். வழி விட்டான்."

"ஏலே, அவன் பேசுவானாடா? ஒரு மாசமா அவன்கிட்ட அடி வாங்கிட்டுக் கிடக்கேன்!" என்றார் கண்ணாடிக்காரர். நண்பர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கினேன். "ஐயா, என்ன பேசணும்னு சொல்லலையே!" என்று கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகக் கத்தினார். பஸ் போய்விட்டது.

தம்பி, இதைப் படித்தால், அந்த அரக்கனிடம் அவன் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்க வேண்டும். முதல் முறை நம்ப மாட்டான்.

புதுப் பாகத்தில் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு வழி உண்டா? தெரிந்தவர்கள், கூடுமானவரை சிரிக்காமல், சொல்லவும்.