கட்டாரிலிருந்து ஐந்து மணித்தியாலம்

என் கணவர் கட்டாருக்குப் போய் மூன்றாம் மாதம் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். இரண்டு வருடம் கழித்து, முதல் லீவில் வருவதாகக் கசெட்டில் பேசி அனுப்பினார். அவரோடு வேலை செய்த ஒருவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் நானும் என் மாமியாரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். எங்கள் ஊர் வழக்கப்படி என்னைக் 'கா' என்றுதான் அதிலும் கூப்பிட்டார்.

"டோகாவில பிளேன் ஏறினா அஞ்சு மணித்தியாலத்தில கட்டுநாயக்கா. ரெண்டாயிரம் மைலுக்கும் மேல கா! புதன் விடிய இறங்கிருவன். பொழுதுபட முதல் வீட்ட வந்திருவன். பிள்ளைய நித்திரையாக்கிப் போடாத."

அது யுத்த காலம். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் துறையில் இறங்கி, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வர வேண்டும்.

புதன்கிழமை இறால் வாங்கிச் சமைத்தேன். அவர் வரவில்லை. வியாழனும் சமைத்தேன். கொழும்பு வீதியைப் பூட்டிவிட்டார்களாம் என்று கடைக்குப் போய்வந்த மாமி சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கசெட்டைப் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

வெள்ளி பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனேன். பாதையை நிறுத்தியிருந்தார்கள். அக்கரைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருவர் மட்டும் பெரிய பெட்டியொன்றை நிமிர்த்தி, அதில் கை ஊன்றி நின்றார். இடது தோளைச் சரித்து நின்ற விதத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். கூப்பிட்டேன், காற்று எதிர்த்து அடித்தது. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து ஆட்டினார். யாரோ அதட்டியிருக்க வேண்டும், உடனே கையைக் கீழே போட்டார்.

பொழுதுபடும்வரை அப்படியே நின்றோம். நடுவில் கால் மைல் தண்ணீர். முகம் தெரியவில்லை. ஆனாலும், கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் பாதை ஓடியது. மாமியும் என்னோடு வந்திருந்தார். மூன்று நாள் தாடியோடு அவர் இறங்கினார்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"ஓம் கா, அக்கரையில ஒரு வீட்ட சோறு தந்தாங்க" என்று சொல்லிப் பிள்ளையிடம் கை நீட்டினார். அவள் வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உன்ட அப்பா மனே, போ" என்றார் மாமி பேத்தியிடம்.

"விடுங்க அம்மா. தானா வரட்டும். நாப்பது நாள் லீவு கிடக்குத்தானே."

நாலாம் நாள் அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே போய்த் தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் என்னைக் கூப்பிடவில்லை. வாளியிலிருந்து கையால் அள்ளி அள்ளி, மெதுவாக அவள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.