இருபதுக்கு ஐந்து காலடி

ஜல்லியும் மணலும் விற்கும் அந்த யார்டில் அவருக்குக் காலடிக்காரர் என்று பெயர். வீட்டுக்குக் கல் வேண்டும் என்று யார் வந்தாலும் அவர்தான் போய் இடத்தைப் பார்ப்பார். டேப் கிடையாது. நீளத்தில் ஒரு நடை, அகலத்தில் ஒரு நடை, பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு துண்டு அட்டையில் இரண்டு எண். ஒரு காலடி என்றால் இரண்டரை அடி. நாற்பது வருஷமாக அங்கே அதுதான் சட்டம்.

இருபது வயதில் கூடை சுமக்கச் சேர்ந்தவர். பழைய முதலாளி ஒருநாள் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு, சுமைக்காரர்கள் எல்லாரையும் அதையொட்டி நடக்கவிட்டாராம். மற்றவர்கள் தடவைக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். இவர் பத்து தடவை நடந்தும் எண் மாறவில்லை. அன்றோடு தலையிலிருந்து கூடை இறங்கியது. டேப் வெயிலில் நீளும், கால் பொய் சொல்லாது என்பது பழைய முதலாளியின் வாக்கு. அவர் போய்ச் சேர்ந்து மகன் வந்து உட்கார்ந்த பிறகும் வழக்கம் மாறவில்லை.

பிழைக்க வந்த ஊரில் வீடு வாங்கியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் செய்தாலும் யாராவது வந்து 'இதெல்லாம் இங்கே கூடாது' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்கு அது முற்றிய நிலை. வீட்டுக்குப் பக்கவாட்டில், கேட்டிலிருந்து பின்வாசல் வரை மழை பெய்தால் சேறு. அங்கே வெள்ளைக் கூழாங்கல் கொட்டலாம் என்று என் மனைவி போனில் படம் பார்த்து முடிவு செய்திருந்தாள்.

இடம் பார்க்க வந்த காலடிக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். உருண்டைக் கல் காலுக்குக் கீழே ஓடும், சைக்கிள் சக்கரம் புதையும் என்றார். உடைத்த கல்தான் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்குமாம். தூளோடு கலந்த முக்கால் அங்குல ஜல்லியைக் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து இடித்துவிட்டால் போதும், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

"கூழாங்கல் சில மாப்பிள்ளைங்க மாதிரிம்மா. பார்க்க லட்சணமா இருப்பான், ஒரு இடத்துல நிக்க மாட்டான்."

என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு ஊர் மாறியவன் நான்.

பிறகு அவர் நடந்தார். நீளம் இருபது காலடி, அகலம் ஐந்து. ஐம்பதுக்குப் பன்னிரண்டரை அடி, நூறு கன அடி ஒரு யூனிட், ஆக ஒன்றரை யூனிட் என்று அட்டையில் எழுதிக்கொண்டார்.

டிப்பர் வந்து தெருவோரம் கொட்டிவிட்டுப் போனது. இரண்டு ஆட்கள் நாள் முழுக்கப் பரப்பினார்கள். வேலை முடிந்தது, ஜல்லி முடியவில்லை. அரை யூனிட் குவியல் தெருவிலேயே நின்றது. எதிர்வீட்டுக்காரர் காரைத் திருப்ப முடியாமல் காலைதோறும் ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, நகராட்சியிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நானே டேப் வைத்து அளந்தேன். நாற்பதுக்குப் பத்து அடி. நம்பாமல் மறுபடி அளந்தேன். அதேதான். ஒரு யூனிட் போதுமாக இருந்திருக்கும்.

யார்டுக்குப் போனால், எனக்கு முன்னால் ஒரு அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் கல் மீதி. அதிகமாகத் தலையில் கட்டத்தான் அந்த ஆளை வைத்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். மண்ணில் இறங்கிய கல்லை யார்டு திரும்ப எடுக்காது, அது அங்கே இன்னொரு சட்டம். அவர் போன பிறகு சின்ன முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த மாதத்தில் நான் நாலாவது ஆளாம். டிப்பர்காரர்களோடு சேர்ந்து காலடிக்கார அண்ணன் கமிஷன் அடிக்கிறார் என்று பேச்சு. நம்பவும் முடியவில்லை, நாலு பேர் சொல்லும்போது நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, இந்த வாரத்தோடு அவரை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன் என்றார்.

"சின்னதுல என்னைத் தூக்கிச் சுமந்தவரு சார். நான் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

காலடிக்காரர் குவியலுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இருபது, அஞ்சு. நான் நடந்ததை நீங்களும்தானே சார் பார்த்தீங்க?"

பார்த்தேன்தான். நானும் கூடவே எண்ணினேன். இருபதில் பிசகு இல்லை. நாற்பது அடியை இருபதால் வகுத்தால் என்ன வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த ஊரில் ஒரு பெரிய மனிதரின் காலைப் பற்றிப் பேச நான் யார் என்று வாய் அடைத்தது. பேசாவிட்டால் அவர் திருடர்.

பக்கத்தில் கல்தூள் மழையில் நனைந்து கிடந்தது. அதன்மேல் கொஞ்சம் நடக்கச் சொன்னேன். எதற்கென்று கேட்காமல் எழுந்து, இடம் அளக்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு நடந்தார். தடங்கள் அச்சாகப் பதிந்தன. குதிகாலுக்குக் குதிகால் டேப்பை வைத்தேன். இரண்டு அடி. அடுத்ததும் இரண்டு அடி. எல்லாமே இரண்டு அடி, நூல் பிசகவில்லை.

அவர் குனிந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமா முட்டி வலி. வலிக்காம நடக்கப் பழகிட்டேன்," என்றார். "அது இங்க வந்து நிக்குதா."

முதலாளியிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"திருடன்னா திட்டுவாரு. நொண்டின்னா பாவம் பார்ப்பாரு. ரெண்டையும் நானே வாங்கிக்கிறேன் சார்."

அவர் முதலாளியின் அறைக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சின்ன முதலாளி வெளியே வந்து, அந்தத் தடங்களின் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு உள்ளே போய்ப் புது டேப் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். காலடிக்காரர் அதைக் கொஞ்ச நேரம் வாங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டில் சத்தம் கேட்டு நான் நகராட்சி என்றே நினைத்தேன். அவரும் அவர் மனைவியும். அந்த அம்மா சலவைக்கடையில் தேய்க்கிறவர், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. டேப்பின் இன்னொரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா, அதற்காக இழுத்து வந்திருந்தார். என் பாதையை மறுபடி அளந்தார்கள்.

"நாப்பது வருஷமா இவரு காலைக் கும்பிடாத குறை. கடைசியில இந்த டேப்புக்கு நான் வாலைப் பிடிக்கணும்னு எழுதியிருக்கு," என்றார் அந்த அம்மா என் மனைவியிடம்.

காலடிக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நாற்பது, பத்து என்று அட்டையில் எழுதினார். எங்கள் குவியலை எடுத்துக்கொள்ள இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார், அரை யூனிட்தான் கேட்கிறார், நாளைக்கு எடுத்துவிடலாம் என்றார். கல் மீந்த மற்ற வீடுகளுக்கும் போய்விட்டு வந்தார்களாம். மூன்றில் இரண்டு முடிந்தது. மிச்சம் இருப்பது யார்டில் சத்தம் போட்ட அந்த அம்மாவின் வீடு. அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

காபி குடிக்கச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே குடித்தார்.

"அந்த வீட்டுல கதவைத் திறக்கலைன்னா?" என்றார் அவர் மனைவி.

"திறக்கிற வரைக்கும் நிப்போம். வேற என்ன வேலை."

டேப்பை அவர் மனைவி தன் பையில் போட்டுக்கொண்டார். புது ஜல்லி நறநறக்க இருவரும் பின்வாசலிலிருந்து கேட்டுக்கு நடந்தார்கள். அவர் கால் வைப்பதை எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன். இருபது காலடி.