உள்ளே சூசை இருக்கிறார்

சாலை போடுகிறவன் போக்குவரத்தை நிறுத்திவிடலாம். பாதாளச் சாக்கடையைப் பழுது பார்க்கிறவன் ஊரைப் பார்த்து "யாரும் கக்கூஸ் போகாதீங்க" என்று சொல்ல முடியுமா? ஊர் அழுக்கில் கைவைத்துப் பிழைத்த சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

தொண்ணூறுகளில் அம்பத்தூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். ஆள் குனிந்து நடக்கலாம், அவ்வளவு பெரிய பழைய குழாய். விஷவாயு அரித்து அதன் மேல்பகுதி உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மணல் மூட்டை அடுக்கிச் சாக்கடையைத் தடுப்போம். டீசல் மோட்டார் அதை இறைத்து, தெருவில் போட்ட ஹோஸ் வழியாக அடுத்த குழியில் கொட்டும். நடுவில் கொத்தனார் சூசை இறங்கிச் சிமென்ட் பூசுவார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். காலையில் இறக்கிய ஆளைச் சாயங்காலம் உயிரோடு ஏற்ற வேண்டும், அதுதான் என் வேலை.

மூடி

உள்ளே காற்று போக இரண்டு பக்கக் குழிகளும் திறந்தே இருக்க வேண்டும். ஒருநாள் உள்ளே சூசை இருமினார். இருமல் நிற்கவே இல்லை. அவரை இழுத்து ஏற்றிவிட்டு ஓடிப் பார்த்தால், அந்தப் பக்கக் குழி மேல் பலகை, பலகை மேல் கோணி, கோலம்தான் பாக்கி. எதிர்வீட்டு அம்மாள் என்னையே கோபித்துக்கொண்டார்: "பொண்ணு பாக்க வர்றாங்கப்பா. இந்த நாத்தத்த வெச்சிகினு காபி எப்பிடி குடுக்கறது?"

சத்தம்

மோட்டார்க்காரன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பாடம் நடத்த முடியவில்லை என்று டியூஷன் வாத்தியார் ஒருவர் வந்து மோட்டாரை நிறுத்திவிட்டார். சத்தம் அடங்கியதும் ஆட்களைக் கத்திக் கூப்பிட்டேன். மூட்டையைத் தாண்டிச் சாக்கடை வழிந்தால் தீர்ந்தது கதை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். கழுத்துவரை நனைந்து வந்தார் சூசை.

வாத்தியாரை அடிக்கவே போய்விட்டேன். சூசை வாந்தியெடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் தடுத்தார்: "உடு சார். எம் பையனும் அவராண்டதான் படிக்கிறான்."

பட்டறை

அதன்பிறகு மூடிக்கு ஒரு ஆள், மோட்டாருக்கு ஒரு ஆள் காவல் போட்டேன். மிச்சம் இருந்தது முலாம் பூசும் பட்டறை ஒன்று. அதன் கழிவுக்குழாய் சூசை வேலை செய்த இடத்தில்தான் வந்து சேரும். காலையிலேயே போய், "உள்ளே ஆள் இருக்கு, சாயங்காலம் வரைக்கும் தொட்டியைத் திறக்காதீங்க" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றார் முதலாளி.

மத்தியானம் திறந்துவிட்டார்கள். சாக்கடையில் ஆசிட் விழுந்தால் கிளம்புகிற காற்று ஆளை இருமக்கூட விடாது. சூசையை மேலே கொண்டுவந்தபோது பூச்சுக் கரண்டி கையில் அப்படியே இருந்தது. என்னால் அழக்கூட முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த முதலாளி சொன்னார்: "காலைல சொன்னே, சரி. சாப்பாட்டு நேரத்துல கூடவா உள்ளயே இருப்பான்?"

மறுநாள்

சூசையைப் புதைத்துவிட்டுத் திரும்பினோம். மோட்டார் நின்றுபோனதால் வீடுகளில் சாக்கடை எதிர்த்து ஏறியிருந்தது. தெருக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் கேட்டார்: "பாவம் சார். இன்னிக்கி யாரு எறங்கறாங்க?"

சூசை பூசிய இடம் இன்றுவரை ஒழுகவில்லை. அதை நம்பித்தான் ஊர் கக்கூஸில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறந்துபோகிறது.