வாய் மட்டும் இருந்த ரேடியோ

1988-க்குள் டர்வுட் கீஸ் லாரி ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் இருபத்தொரு வருடம் அவர் பேசியதையெல்லாம் கேட்டது அவருடைய ஸ்டியரிங் மட்டும்தான். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனதும் மனைவி வில்மாவும் உரிமம் எடுத்துப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அதன்பிறகு டர்வுட் குறைவாகப் பேசினார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது.

1988 பிப்ரவரியில் ஷையனில் யாரோ கதவை நெம்பி, லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சி.பி. ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வயோமிங்கில், அதுவும் குளிர்காலத்தில், ரேடியோ இல்லாமல் மேற்கே போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான். முன்னால் எங்கே பனி, எங்கே கவிழ்ந்த வண்டி, எங்கே போலீஸ் என்பதை எதிரே வருகிற லாரிக்காரன் சொன்னால்தான் உண்டு. எனவே இருவரும் டீசல் பம்புகளுக்குப் பின்னால் இருந்த லானி ப்ரூயிட்டின் ரேடியோக் கடைக்குப் போனார்கள். கையில் இருந்தது நூற்றிருபது டாலர்.

வில்மா ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார். நாற்பது டாலருக்கு ஒரு சாதா ரேடியோ. கூரைக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி நீளமான, நல்ல ஆன்டெனா ஒன்று. பேட்டரியிலிருந்து நேரே வருகிற கம்பி. மீட்டர் வைத்து ஆன்டெனாவைச் சரிபார்க்க லானிக்குக் கூலி. மிச்சத்தில் சாப்பாடு. ஆன்டெனாவில் மிச்சம் பிடிக்காதீர்கள், ரேடியோவில் பிடியுங்கள் என்று லானியும் சொன்னார். கடைக்காரனே விலை குறைந்ததை வாங்கச் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று டர்வுட்டுக்குப் பட்டது.

அவர் கண் போனது நூற்றைந்து டாலர் ரேடியோவின் மேல். முகமெல்லாம் பளபளக்கும் குரோமியம். பேசினால் மலைக்குகையில் பேசுவது போல எதிரொலி. அதற்குத் துணையாகப் பக்கக் கண்ணாடிக்கு ஒன்றாக இரண்டு குட்டை ஆன்டெனா, பதினைந்து டாலருக்கு இரண்டும். இரண்டு கொம்பு வைத்தால்தான் லாரிக்கு ஒரு மரியாதை என்பது அந்தச் சாலையில் எழுதாத சட்டம்.

"டியூன் பண்ணிக் கொடுக்கவா?" என்றார் லானி.

"புதுச் சாமானுக்கு என்னய்யா டியூன்?" என்றார் டர்வுட். கம்பியையும் அவரே சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

"பேசறதுக்கு வாங்கியிருக்க. கேக்கறதுக்கு என்ன வாங்கின?" என்றார் வில்மா. பதில் எதிரொலியோடு வந்தது. டர்வுட் அதற்குள் மைக்கைப் பிடித்து, ரேடியோவில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரில், ஓசார்க் இடி வந்திருக்கிறேன் என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

இஞ்சின் ஓடத் தொடங்கியதும் ரேடியோ கொசுக்கூட்டம் போல இரைந்தது. அதற்கு டர்வுட்டிடம் மருந்து இருந்தது. இரைச்சலை அடக்குகிற குமிழைத் திருகினார். போகவில்லை. இன்னும் திருகினார். கடைசிவரை திருகியதும் அருமையான அமைதி. பக்கத்து லாரிக்காரன் கூப்பிட்டாலும் உள்ளே வராத அமைதி.

மறுநாள் காலை லாரமியில் வில்மா இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும்; முட்டையும் பன்றிக்கறியும் நாற்பது மைல் தள்ளி, கடனுக்குத் தருகிற கடையில் என்று திட்டம். முன்னால் சாலையை மூடப்போகிறார்கள், திரும்பிவிடுங்கள் என்று லாரிக்காரர்கள் பேசுகிற பத்தொன்பதாம் சேனலில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓசார்க் இடி நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனார்.

முப்பதாவது மைலில் எல்லாம் நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி, நடுவே தரையிலிருந்து எழும்பி அடிக்கிற பனி. தன் வண்டியின் மூக்கே டர்வுட்டுக்குத் தெரியவில்லை. இந்தக் காற்றில் இரண்டு லாரிகளுக்கு நடுவே நடந்துபோய்ச் செத்தவர்கள் உண்டு. குளிருக்கு இஞ்சினை அணைக்கவும் முடியாது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. வில்மாவுக்கு வியர்த்தது. அந்தக் குளிரில்.

"என் எலுமிச்ச மிட்டாய் டப்பாவ எடு."

டர்வுட் எடுக்கவில்லை. எடுத்தாலும் பயனில்லை. வருகிற வழியில் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கப் பொழுது போகாமல் ஒவ்வொன்றாக அவரே தின்று தீர்த்திருந்தார். வண்டியில் மிச்சம் இருந்தது கறுப்புக் காபியும் உப்புக்கண்டமும். பின்னால் ஏற்றியிருந்தது இருபது டன் கழிவறைப் பீங்கான்.

"எல்லாத்தையுமா?" என்றார் வில்மா.

டர்வுட் மைக்கை எடுத்தார். மைல்கல் இருநூற்றெழுபத்தொன்பது, நீல வண்டி, மனைவிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, இனிப்பாக ஏதாவது வேண்டும். சத்தமில்லை. மறுபடி சொன்னார். சத்தமில்லை. பத்து முறை கெஞ்சினார். வில்மா இப்போது கூரையைப் பார்த்து, ஷையனிலேயே விட்டுவந்த தன் தங்கையோடு பேசத் தொடங்கியிருந்தார். அவருக்குத் தங்கை கிடையாது.

அதன்பிறகு டர்வுட் கெஞ்சவில்லை. மைக்கின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருடைய பிறப்பையும் எதிரொலியோடு விசாரித்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். காற்று கதவைப் பிடுங்கப் பார்த்தது. படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். மூடினார்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

வந்தவர் ஆர்வல் தீசன், ஐடஹோ உருளைக்கிழங்கைக் கிழக்கே இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறவர். பின்னால் நான்காவது லாரி. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் வண்டியில் முடிந்துவிட்டு, ஒவ்வொரு லாரியாகத் தடவிக்கொண்டு வந்திருந்தார். கோட்டுக்குள் ஒரு கோலா பாட்டில், பாதி செர்ரிப் பணியாரம். டர்வுட் பாட்டிலை வில்மாவின் வாயில் வைத்துப் பிடித்தார். முதல் மடக்கு கழுத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. கால் மணி நேரத்தில் தங்கை காணாமல் போனாள்.

"பதினோரு தடவ பதில் சொன்னேன் டிரைவர்," என்றார் ஆர்வல், மீசையிலிருந்து பனியைப் பிய்த்தபடி. "வர்றேன், வழி தெரிய ஆரன் அடின்னேன். நீ எங்கம்மாவத் திட்டிக்கிட்டிருந்த."

கையை நீட்டிக் குமிழைத் திருப்பினார். கொசுக்கூட்டத்தோடு சேர்ந்து ஊரே உள்ளே வந்தது. இரண்டு லாரி முன்னால் ஒருத்தி தன்னிடம் தேன் இருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒருவர் கடலைமிட்டாய் என்றார். இன்னொருவர் சலிப்போடு கேட்டார்: "அந்த முதல இன்னும் கத்துதா?"

வாய் மட்டும் இருந்து காது இல்லாதவனுக்கு அந்தச் சாலையில் முதலை என்று பெயர். டர்வுட்டும் எத்தனையோ பேருக்கு அதைச் சூட்டியிருக்கிறார்.

வில்மா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். காற்று இன்னும் ஏறியதால் ஆர்வலும் திரும்பிப் போக முடியவில்லை. மூன்று பேரும் ஏழு மணி நேரம் அந்தக் கூண்டுக்குள் இருந்தார்கள். ரேடியோ ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. பேச்செல்லாம் ஒருவரைப் பற்றியே.

அடுத்த ஊரான ராலின்ஸ் போனதும் வில்மா குரோமிய ரேடியோவை விற்று, முதலில் பார்த்தது போலவே ஒரு நாற்பது டாலர் ரேடியோவை வாங்கினார். ஒரே ஆன்டெனா, மீட்டர் வைத்துச் சரிபார்த்தது. பிரமாதமான ரேடியோ. சாலை வளைந்து மறைகிற தூரத்திலிருந்து யாராவது "என்ன முதல, வீட்ல சௌக்கியமா?" என்று கேட்டால்கூட ஒரு எழுத்து விடாமல் கேட்கும். பன்னிரண்டு வருடம் கேட்டது.