திருடர் சங்கத்தைச் சோதித்தவர்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் வாசலில், வீட்டுக்குப் போகும் பெண்களைச் சோதிக்க ஓர் அம்மா நிற்பார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, தடித்த விரல்கள், சிரிப்பே அறியாத வாய். நாங்கள் தோல் துண்டுகளை மறைத்துக் கடத்துகிறோமாம். தினமும் எங்கள் கொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுவார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் என் பையிலிருந்து ஒரு தாளை உருவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு, ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் கதை விளையாட்டுக்காக நான் உருவாக்கிய திருடர் சங்கம் அதில் இருந்தது. கோட்டைக்கு அடியில் சுரங்கம், அதற்கு ஒரு தலைவி, ஜேப்படிக்காரர்கள், பூட்டு உடைப்பவர்கள்.

“இன்னாடி இது? எந்தக் கம்பெனிய கொள்ளையடிக்கப் போறீங்க?”

“அது ஒரு கேம்க்கா. நானே கற்பனையா எழுதினது.”

நம்பாமல் முழுவதையும் படித்தார். பஸ் போய்விடும் என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். அவர் நிமிரவே இல்லை.

“இந்த சுரங்கத்து வாசல்ல யாரு செக் பண்றாங்க?”

“யாரும் இல்லக்கா. சங்கத்து ஆளுங்கள சங்கம் நம்பும்.”

“திருடங்களயா?”

“ஆமா.”

தாளை மடித்து என் கையில் திணித்தார்.

“நீ திருடியா?”

“இல்லக்கா!” என்றேன் ஆத்திரத்தோடு.

“அப்போ கொண்டைய அவுத்துக் காட்டு.”

அவிழ்த்தேன். அவர் சிரிக்கிறாரா என்று பார்க்க நிமிர்ந்தேன். சரிந்த முடி கண்ணை மறைத்துக்கொண்டது.