வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது கேட்கிறதா என்று பார்த்துவிடலாம், திங்கட்கிழமை கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். அன்று வெள்ளிக்கிழமை.

அப்போது ஹப்சிகுடாவில் குடியிருந்தோம். நான் அரசுத் தொழிற்சாலை ஒன்றில், மின்னணுக் கருவிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தேன். பகலில் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மா; ஆப்பா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஃபிக்கர் நக்கோ" என்றார். கவலை வேண்டாமாம். மண்ணைத் தின்னாதே என்பதற்கும், வெயிலில் போகாதே என்பதற்கும் அவரிடம் அதே நக்கோதான்.

கவலைப்படாமல் இருக்க எனக்கு வரவில்லை. நானே சோதிக்க ஆரம்பித்தேன். கையில் இருந்தது ஒரு பாட்டு. திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது பாடுவது. குருவிக்குச் சோளம் வேணுமா, கம்பு வேணுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கடைசியில் வானம் வேணுமா என்பதற்கு மட்டும் வேணும் என்று சொல்ல வேண்டும்; குருவி கேட்பது வானம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது எங்கள் பிரிவின் வழக்கம். முதலில் எதிரே உட்கார்ந்து, கைகளைச் சிறகாக அசைத்துப் பாடினேன். அவளும் அசைத்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு பாடினேன். என் வாயையே பார்த்தாள். பின்னால் போய் நின்று பாடினேன். திரும்பவில்லை, மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒரு டம்ளரைக் கீழே போட்டேன். திரும்பினாள். தரை அதிர்ந்ததால்கூட இருக்கலாம்.

"இன்னைக்கும் சோதனையா?" என்றார் கணவர்.

"பின்னால நின்னு பாடினா திரும்ப மாட்டேங்கா."

"ஒங்க ஃபாக்டரிச் சாமானா அவ, தட்டித் தட்டிப் பார்க்கதுக்கு? போட்டுட்டு வந்து சாப்பிடு."

சொன்னாரே தவிர, அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவள் கட்டைகளோடும் கணவர் பேப்பரோடும் இருந்தார்கள். சோதிக்கும் எண்ணமே இல்லாமல் வாய் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. கேள்வி, வேண்டாம், கேள்வி, வேண்டாம். இரண்டையும் நானேதான் பாடுவேன், எப்போதும். 'தினை வேணுமா' என்றபோது மறுநாளின் நினைவு வந்துவிட்டது. பாட்டு நின்றுவிட்டது.

"நக்கோ" என்றது கூடம்.

கீரையோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். தற்செயலாக இருக்கலாம். என் முகமும் கையும் அவளுக்குத் தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"குருவிக்குக் கேப்பை வேணுமா?"

"நக்கோ, நக்கோ."

கணவர் பேப்பரை மடியில் போட்டார். "எல்லாம் ஆப்பா வளர்ப்பு" என்றார். குரல் சரியாக இல்லை.

டாக்டரிடம் போகத்தான் போகிறோம். ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. அதற்கும் நக்கோ என்றுவிட்டால், வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்று ஆகிவிடாதா?

"பின்னே, வானம் வேணுமா?"

மகள் கட்டையைக் கீழே வைத்தாள். பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.