விண்கப்பல் இசையின் மேல் ஒரு பிரசங்கம்

தொண்ணூற்று மூன்று வாக்கில் தொலைக்காட்சியில் ஒரு விண்வெளித் தொடர் வந்தது. எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்த மாதிரி விண்கப்பல், ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டிக் கருவிகள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் யாரும் கதையைக் கவனிக்கவில்லை. பின்னணியில் கீபோர்டு வாசித்தது என் அண்ணன் என்பதால் பார்த்தோம். மெட்டுகளில் பாதிக்கு மேல் அவன் போட்டது. பெயர் வந்ததோ வேறொருவருக்கு. எனக்கு வயிறு எரிந்தது. அவன் சிரித்து மழுப்பினான்.

வசனம் கலக்காத இசையை மட்டும் ஒரு கேசட்டில் பதிந்து கொண்டுவந்திருந்தான். அவன் வாசித்ததற்கு வேறு சாட்சி கிடையாது. யாரும் அதன்மேல் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் விளிம்பிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து எடுத்திருந்தான். சில வருஷங்களில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனது. கேசட் என் பீரோவுக்கு வந்தது. போட்டுக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பல வருஷம் கழித்து, பழைய தொடர்களின் இசையைச் சுத்தம்செய்து, புதுத் தாளம் சேர்த்து இணையத்தில் ஏற்றும் ஒருவர் என்னைத் தேடிப் பிடித்தார். தொடரின் மூல நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டனவாம்.

"உங்க கேசட்டுதாங்க மிச்சம். அண்ணன் பேரப் பெருசா போட்டுடலாம்" என்றார்.

அந்தப் பேருக்காகத்தான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். பக்திப் பாடல்களும் கட்சிப் பாட்டுகளும் பதியும் ஒரு ஸ்டுடியோ. அங்கிருந்த ஒலிப்பதிவாளர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"துண்டு ஒடச்ச ஓட்டையில செலோடேப் ஒட்டியிருக்குதுங்களே மேடம். யாரோ மேல ரெக்கார்டு பண்ணிக்கிறாங்க."

ஓடவிட்டார். அண்ணனின் விண்கப்பல் மெல்ல எழும்பியது. நான் கண்ணை மூடுவதற்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு சித்தப்பாவின் குரல்: "பேசுங்க சாமி, ஓடிக்கினு இருக்குது."

சர்ச்சில் நடந்த அண்ணனின் முப்பதாம் நாள் பூசை. வளைகுடாவில் இருந்த அத்தைக்குப் பிரசங்கத்தைப் பதிந்து அனுப்புவதாகச் சித்தப்பா அன்று குதித்தது நினைவுக்கு வந்தது. ஓட்டையில் செலோடேப் ஒட்டிப் பழைய கேசட்டில் பதிவது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்கிற வேலை. கடைக்குப் போக சோம்பல். செத்தவன் பெட்டியிலேயே கையை விட்டிருக்கிறார். அத்தைக்கு அனுப்பவும் சோம்பல்பட்டு, திரும்ப அதிலேயே போட்டிருக்கிறார்.

சாமியார் எங்கள் குடும்பத்தின் பக்தியைப் புகழ்ந்தார். கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்த சித்தப்பாவைப் புகழ்ந்தார். அண்ணனைப் பற்றி ஒரே வாக்கியம்: "ஒரு நல்ல வேலையில் அமர்வதற்கு முன்பே ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்." இசை என்ற சொல்லே வரவில்லை. மறுபக்கம் முழுக்க ஜெபமாலை.

"அடியில அந்த மியூசிக் இருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"புதுசா பதியறப்பவே பழச அழிச்சிடும் மேடம்."

மிஞ்சிய துணுக்கைத் துலக்கி, திரும்பத் திரும்ப ஒட்டி, டமடமவென்று தாளம் சேர்த்து ஏற்றினார்கள். அண்ணன் பெயர் பெரிதாகத்தான் இருந்தது. 'இவ்வளவுதானா?' என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். அவரை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது?

சித்தப்பாவிடம் போய்க் கத்தினேன். என்ன அழிந்தது, யாரால் அழிந்தது, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பதிவாளர் கேசட் முழுவதையும் சுத்தம்செய்து கொடுத்ததையும் கோபத்தில் சொல்லித் தொலைத்தேன்.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ சாமி பேசனது நல்லா கேக்குதா? எனக்கு ஒரு சிடி போட்டுக் குடும்மா."